லண்டன் கனவான்களும் பம்பாய்த் தபாலும்

கருத்தரங்குக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பிவிட்டு இன்பாக்ஸைத் திறந்து திறந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பொது எதிரி உண்டு. அவருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ரிவ்யூவர் நம்பர் டூ. நம்பர் ஒன் நல்ல மனிதர். 'சேர்த்துக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நம்பர் டூதான் 'இதில் புதிதாக என்ன இருக்கிறது?' என்று ஆரம்பித்து, நாம் எழுதாத ஒரு கட்டுரையை நாம் சரியாக எழுதவில்லை என்று இரண்டு பக்கத்துக்குக் கோபித்துக்கொள்வார். இந்த ஆசாமியின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால், அது நம்மை 1832-ம் வருஷத்து லண்டனுக்குக் கூட்டிப்போய், ஒரு பேங்க் முதலாளியின் வீட்டு வாசலில் நிறுத்துகிறது.

அதற்கு முன்னால் காரியங்கள் சுலபமாக நடந்துகொண்டிருந்தன. லண்டன் விஞ்ஞானச் சங்கமான ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665-ல் 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். தபால் வரும், பிரிப்பார், பிடித்தால் போடுவார். ஒரே ஆள், ஒரே மேஜை. ஐரோப்பா முழுக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பாவத்துக்கு 1667-ல் அவரை ஒற்றன் என்று சந்தேகப்பட்டு லண்டன் டவரில் அடைத்தார்கள். எடிட்டர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பது எழுதுகிறவர்களின் நெடுநாள் ஆசை; அது நிறைவேறிய பொற்காலம் அது. பிறகு 1752-ல் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி கூடி ரகசிய ஓட்டுப் போடும். யார் எப்படி ஓட்டுப் போட்டார், ஏன் போட்டார் என்று யாரும் கேட்க முடியாது. கூடவே, எந்த விஷயத்திலும் சொசைட்டி தன் சொந்த அபிப்பிராயம் என்று எதையும் சொல்வதில்லை என்று ஓர் அறிவிப்பையும் அச்சடித்துவிட்டார்கள். 'கட்டுரையாளர்களின் கருத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்லர்' என்று நம் பத்திரிகைகளில் கடைசிப் பக்கத்து மூலையில் இருக்கும் வரிக்கு இவ்வளவு நீண்ட வம்சாவளி.

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் வில்லியம் ஹியூவெல். தச்சர் வீட்டில் பிறந்து கேம்பிரிட்ஜில் பெரிய ஆளாகி, கடல் ஏற்றவற்றம், கனிமம், கட்டடக்கலை, கடவுள் என்று கைவைக்காத துறை பாக்கியில்லாதவர். 'சயின்டிஸ்ட்' என்ற வார்த்தையை உண்டாக்கியவரும் இவரே. 1831-ல் இவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பாரிஸ் அகாதமியில் செய்கிறார்களே, அந்த மாதிரி ராயல் சொசைட்டிக்கு வரும் ஒவ்வொரு நல்ல கட்டுரைக்கும் இரண்டு பேர் படித்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையைக் கையெழுத்தோடு அச்சிடவும் வேண்டும். விஞ்ஞானத்துக்கு நல்ல விளம்பரம், நாலு பேருக்கு விஷயமும் புரியும். இதுதான் திட்டம். திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டைதான்: இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்று அவர் நம்பிவிட்டார்.

முதல் பலி, ஜார்ஜ் ஏரி என்ற இளம் வானவியல்காரரின் கட்டுரை. பூமியும் வெள்ளியும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் அவற்றின் ஓட்டத்தில் சுமார் 240 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் ஒரு சின்னத் தடுமாற்றம் இருப்பதாகக் கணக்குப் போட்டிருந்தார். படித்துச் சொல்லவேண்டிய இரண்டு பேரில் ஒருவர் ஹியூவெல். மற்றவர் ஜான் வில்லியம் லப்பக். லப்பக் பேங்க் நடத்தும் குடும்பம். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், சொசைட்டியின் பொருளாளர், வயது முப்பதுகூட ஆகவில்லை. பேங்க்காரர் என்பதைக் கவனியுங்கள். கணக்கைப் பார்த்தால் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டார்.

ஹியூவெல் 'ஆஹா, இங்கிலாந்தில் இப்படி ஒரு வேலையா!' என்ற தோரணையில் பாராட்டுப் பத்திரம் எழுதத் தயாரானார். லப்பக் பேனாவை எடுத்துக்கொண்டு சமன்பாடுகளுக்குள் இறங்கிவிட்டார். இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு ஏன் இப்படிப் போனார், வேறு வழியில் போயிருக்கலாமே என்று தோண்ட ஆரம்பித்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டு பஜ்ஜியில் உப்பு ஒரு கல் குறைவு என்பதையே மூன்று நாள் பேசும் மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பாரே, விஞ்ஞான உலகில் அந்தப் பதவியை முதன்முதலில் ஏற்றவர் லப்பக்தான். போதாததற்குத் தன் சந்தேகங்களை நேரே ஏரிக்கே எழுதிப் போட்டுவிட்டார். இன்று அப்படிச் செய்தால் கமிட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள். அன்று விதி என்று ஒன்றே கிடையாது. அதைத்தான் இவர்கள் சண்டை போட்டு உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஹியூவெல்லுக்கும் லப்பக்குக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. தப்புக் கண்டுபிடிப்பதா நம் வேலை, கட்டுரை என்ன சொல்கிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்வதல்லவா வேலை என்பது ஹியூவெல் கட்சி. தப்பு இருந்தால் சொல்லாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்பது லப்பக் கட்சி. கடைசியில் லப்பக் அலுத்துப்போய் ஹியூவெல் எழுதிய அறிக்கையிலேயே கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். 1832-ல் அந்த அறிக்கை சபையில் வாசிக்கப்பட்டது. ராயல் சொசைட்டியின் முதல் ரெஃபரி ரிப்போர்ட், இரண்டு ரெஃபரிகளில் ஒருவர் வாயை மூடிக்கொண்டதால் வெளிவந்தது. இன்றைக்கும் பல கருத்தரங்குகளின் 'ஒருமனதான பரிந்துரை' இப்படித்தான் பிறக்கிறது என்பது என் சந்தேகம்.

இந்த அனுபவத்திலிருந்து சொசைட்டி பாடம் படித்தது. இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. அறிக்கையை அச்சிடும் வழக்கமும் போயிற்று. ரெஃபரியின் பெயர் ரகசியம், அறிக்கை ரகசியம். பாராட்டுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இரண்டொரு வருஷத்தில், இருட்டில் உட்கார்ந்து திட்டுவதற்கு வசதியான ஏற்பாடாக மாறிவிட்டது. லப்பக்குக்கு ஏற்ற நாற்காலி அது. அதில் அவர் உட்கார்ந்து என்ன செய்தார் என்று பார்ப்பதற்கு முன், கருத்தரங்கு என்ற திருவிழாவை ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிடலாம்.

அதே 1831-ல் யார்க் நகரில் பிரிட்டிஷ் அசோசியேஷன் தொடங்கியது. ஜெர்மனிக்காரர்களைப் பார்த்து எடுத்த யோசனை: வருஷத்துக்கு ஒரு ஊர், ஒரு வாரம், விஞ்ஞானிகள் கூடுவார்கள், பிரிவு பிரிவாக உட்கார்ந்து கட்டுரை வாசிப்பார்கள், பிறகு விருந்து. விருந்து பிரமாதமாக இருந்ததால் சீக்கிரமே பிரபலமாகிவிட்டது. ஏழாவது வருஷத்திலேயே சார்லஸ் டிக்கன்ஸ் 'மட்ஃபாக் அசோசியேஷன்' என்று பெயர் வைத்து இவர்களைக் கிழி கிழியென்று கிழித்து எழுதினார். 'அனைத்தின் முன்னேற்றத்துக்கான' அசோசியேஷன் என்று அதற்கு முழுப்பெயரும் வைத்தார். இப்போது மாதம் நாலு தரம் நமக்கு மெயில் அனுப்பும் சர்வதேசப் பல்துறை மாநாடுகள் அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளலாம். டிக்கன்ஸின் காப்புரிமை முடிந்துவிட்டது.

இந்தத் திருவிழாவுக்கு ஜேம்ஸ் ஜூல் வந்தார். சால்ஃபர்டில் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று மாற்று என்று அளந்து பார்த்துக் கண்டுபிடித்தவர். பீர்க்காரர் என்பதால் தெர்மாமீட்டரில் சுண்டுவிரல் அளவு ஏற்றம் இறக்கத்தையும் விடமாட்டார். அவர் 1840-ல் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய கட்டுரைக்குக் கிடைத்தது சுருக்கம் மட்டும். முழுக் கட்டுரையை வேறு பத்திரிகைதான் போட்டது. பட்டப்பகலில் டின்னர் சாப்பிடும் ஊரிலிருந்து என்ன நல்லது வந்துவிடும் என்று லண்டன் பெரிய மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை என்று ஜூல் பின்னாளில் சிரித்ததாக ஒரு கதை உண்டு. 1843-ல் கார்க் நகரக் கூட்டத்தில் பேசினார், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. 1847-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மறுபடி வந்தார். தலைவர், நேரம் நெருக்குகிறது, கட்டுரையை வாசிக்க வேண்டாம், வாயால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள் என்றார். 'கடைசி இரண்டு நிமிஷம்' என்று அட்டை காட்டும் வழக்கத்தின் தாத்தா இவர். ஜூல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விவாதமும் கிடையாது என்று தோன்றிய நேரத்தில் 23 வயதுப் பையன் ஒருவன் எழுந்து பேச ஆரம்பித்தான், அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. பையன் பெயர் வில்லியம் தாம்சன், பிற்பாடு லார்ட் கெல்வின். அறைக்குள் அந்த ஒரு பையன் தூங்காமல் இருந்ததுதான் அன்றைய தேர்வு முறை.

ஜூலாவது பக்கத்து ஊர்க்காரர், ரயில் ஏறி வந்து முகத்தைக் காட்டினார். ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் இருந்தது பம்பாயில்.

எடின்பரோவில் அரக்கு தயாரிக்கும் குடும்பத்தில் 1811-ல் பிறந்த வாட்டர்ஸ்டன் எஞ்சினியர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க பம்பாய்க்கு வந்தார். வேலை போக மீதி நேரத்தில் காற்றைப் பற்றி யோசித்தார். வெப்பம் என்பது பொருளுக்குள் ஊறியிருக்கும் ஒரு விதத் திரவம் என்றுதான் அன்றைக்குப் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். திரவமும் கிடையாது ஒன்றும் கிடையாது, காற்று என்பது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் திசைக்கொன்றாகப் பறந்து முட்டிக்கொள்ளும் கூட்டம் என்றார் வாட்டர்ஸ்டன். அவை சுவரில் மோதுவது அழுத்தம், அவற்றின் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பம். இரண்டு வாயுக்கள் கலந்தால் கனத்த துகள் மெதுவாகவும் லேசான துகள் வேகமாகவும் ஓடி, சராசரி ஆற்றல் சமமாகிவிடும் என்பது வரை போய்விட்டார். இன்று கல்லூரியில் முதல் வருஷ பாடம்.

சரக்கு நல்ல சரக்கு. விற்கத்தான் தெரியவில்லை. முதலில் 1843-ல் இதையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதி, பெயர் போடாமல் எடின்பரோவில் வெளியிட்டார். புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பு, மனத்தின் செயல்பாடுகள் பற்றிய சிந்தனைகள். மனத்தைப் பற்றிப் படிக்க வாங்கியவர்கள் காற்றைக் கண்டு ஓடினார்கள். காற்றைப் பற்றிப் படிக்க வேண்டியவர்கள் புத்தகத்தைத் தொடவே இல்லை. பிறகு 1845-ல் தனிக் கட்டுரையாக எழுதி, பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கப்பலேற்றினார்.

கட்டுரை போய்ச் சேர்ந்தது யார் மேஜையில் என்று நினைக்கிறீர்கள்? லப்பக். இப்போது சர் ஜான் லப்பக்; இருட்டு நாற்காலியில் பத்துப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். இந்தத் தடவை சமன்பாடுகளுக்குள் இறங்கும் சிரமமும் வைத்துக்கொள்ளவில்லை. சுத்தப் பேத்தல், சபையில் வாசிக்கக்கூட லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்தார். மற்றொரு ரெஃபரி ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பேடன் பவல். அவர் கொஞ்சம் நாசூக்கு: ஆளுக்குத் திறமை இருக்கிறது, அஸ்திவாரம்தான் வெறும் ஊகம் என்றார். இதில் ஒரு வேடிக்கை. லப்பக்கின் மகன்தான் பிற்பாடு பார்லிமென்டில் சட்டம் கொண்டுவந்து இங்கிலாந்துக்கு 1871-ல் பேங்க் விடுமுறை வாங்கிக் கொடுத்தவர். பேடன் பவலின் மகன் சாரணர் இயக்கத்தை ஆரம்பித்து உலகத்துப் பையன்களுக்கெல்லாம் காட்டில் வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அப்பாக்கள் கண்டுபிடிக்காமல் விட்டதைப் பற்றி ஊருக்குத் தெரியவே இல்லை.

1846-ல் சொசைட்டியின் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு சுருக்கம் மட்டும் வந்தது. ஆமாம், அப்ஸ்ட்ராக்ட் மட்டும். கட்டுரை எங்கே என்றால், பெட்டிக்குள். சொசைட்டியின் கைக்கு ஒருமுறை போய்விட்ட கட்டுரை சொசைட்டியின் சொத்து. பிரசுரிக்கவும் மாட்டார்கள், திருப்பித் தரவும் மாட்டார்கள். வாட்டர்ஸ்டனிடம் வேறு பிரதி கிடையாது. வாயுக்களின் ரகசியத்தை உடைத்த மனிதர், நம் தாலுக்கா ஆபீசில் ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு நிற்பவர் கதிக்கு வந்துவிட்டார். 1851-ல் இப்ஸ்விச்சில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்துக்கு மறுபடி முயன்றார். அங்கேயும் அறிக்கையில் ஒரு சுருக்கம் இடம்பிடித்தது. ஆக, அப்ஸ்ட்ராக்ட் இரண்டு, கட்டுரை பூஜ்யம். நம் ஊர் பயோடேட்டாக்களில் இந்த விகிதம் சகஜம். ஆனால் அந்த அப்ஸ்ட்ராக்டுகளுக்குப் பின்னால் கட்டுரையும் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

1857-ல் ஜெர்மானியரான கிளாசியஸ் இதே விஷயத்தை எழுதினார், புகழ் வந்தது. 1859-ல் அபர்டீனில், அதே பிரிட்டிஷ் அசோசியேஷன் மேடையில், மேக்ஸ்வெல் இதைப் பற்றிப் பேசினார், பெரும் புகழ் வந்தது. வாட்டர்ஸ்டன் அப்போது ஸ்காட்லாந்துக்கே திரும்பியிருந்தார். வயதான காலத்தில் விஞ்ஞானச் சங்கங்கள் என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குக் கோபம் வரும் என்று வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். 1883-ல் ஒருநாள் எடின்பரோ வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு வேடிக்கை வரவில்லை, அடுத்த ஆளிடம் போகிறேன்.

அடுத்த ஆள் லார்ட் ரேலி. பெரிய பிரபு, பெரிய விஞ்ஞானி, பிற்பாடு ஆர்கான் வாயுவுக்காக நோபல் வாங்கியவர். 1884-ல் மான்ட்ரியலில் கூடிய பிரிட்டிஷ் அசோசியேஷனுக்குத் தலைவரே இவர்தான். இரண்டு வருஷம் கழித்து 1886 பர்மிங்ஹாம் கூட்டத்துக்கு மின்சாரம் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினார். எப்படியோ அதில் பெயர் விட்டுப்போயிற்று. அல்லது பெயர் இருந்த தாள் கழன்றுவிட்டது. கமிட்டி படித்தது. பிரிந்து போகும் மின்னோட்டம் இரண்டு கிளையிலும் தாய்க் கம்பியைவிட அதிகமாக இருக்குமாம்! வட்டத்தைச் சதுரமாக்குகிறேன், ஓயாத சக்கரம் செய்கிறேன் என்று வருஷா வருஷம் வந்து நிற்கும் கிறுக்கர்களில் இவனும் ஒருவன் என்று தள்ளிவிட்டார்கள். அப்புறம் எழுதியவர் யார் என்பது தெரிந்தது. தெரிந்தவுடன் கட்டுரையில் பல சிறப்புகள் இருப்பதும் தெரிந்தது. கட்டுரையில் ஒரு எழுத்து மாறவில்லை. மேலே ஒரு பெயர் ஏறியது, அவ்வளவுதான். இந்தக் கதையை எழுதி வைத்தவர் ரேலியின் சொந்த மகன் என்பதால் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இதைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பிரபு வீட்டில் சிரிக்கலாம்.

இதே ரேலிதான் ராயல் சொசைட்டிக்குச் செயலாளராக இருந்தபோது, வாட்டர்ஸ்டன் ஒலியைப் பற்றி எழுதிய வேறொரு கட்டுரையில் அந்தப் பழைய கட்டுரையைப் பற்றிய குறிப்பைப் பார்த்து, 1891-ல் பெட்டியைக் குடைந்து அதை வெளியே எடுத்தார். 1892-ல் முழுசாக அச்சிட்டார். அனுப்பிய தேதியிலிருந்து கணக்குப் பார்த்தால் சுமார் 47 வருஷம் ஆகிறது. முன்னுரையில் ரேலி எழுதியதுதான் உச்சம். பெயர் தெரியாத ஆசாமி துணிச்சலான ஊகங்களை விஞ்ஞானச் சங்கங்களிடம் கொண்டுவராமல் வேறு வழியில் வெளியிடுவது நல்லது, பெரிய உயரத்துக்குப் பறக்கும் முன் சின்னச் சின்ன வேலைகளால் பெயர் எடுத்துக்கொள்வது நல்லது என்று இளைஞர்களுக்கு ஆலோசனை சொன்னார். தப்புச் செய்தது சங்கம். புத்திமதி மட்டும் இளைஞர்களுக்கு. ஆனாலும் ரேலியை ரொம்பக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. பெயரில்லாத கட்டுரை என்ன கதிக்கு ஆளாகும் என்பது அவருக்குச் சொந்த அனுபவம்.

நூறு வருஷத்துக்குள் இதெல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைப்பீர்கள். 2014-ல் நிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருத்தரங்கு, ரேலி தலைமை தாங்கிய அதே மான்ட்ரியலில் கூடியது. அதன் அமைப்பாளர்கள் தைரியசாலிகள். வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை, 166 கட்டுரைகளை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கமிட்டிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 43 கட்டுரைகளில் இரண்டு கமிட்டியும் இரண்டு தீர்ப்பு. ஒரு கமிட்டி தேர்ந்தெடுத்தவற்றில் பாதிக்கு மேல் மற்ற கமிட்டியிடம் தோற்றுப்போயின. ஹியூவெல்லும் லப்பக்கும் 182 வருஷம் கழித்துக் கூட்டத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அது கௌரவமான இடம், சண்டையாவது போடுகிறார்கள். சண்டையே இல்லாத இடங்கள் உண்டு. 2005-ல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று பேர் கம்ப்யூட்டரை விட்டு அர்த்தமில்லாத ஒரு கட்டுரையை எழுத வைத்து ஃப்ளோரிடா மாநாடு ஒன்றுக்கு அனுப்பினார்கள். மதிப்பாய்வு செய்யாமலே ஏற்றுக்கொண்டார்கள். 2016-ல் நியூசிலாந்துப் பேராசிரியர் கிறிஸ்டோஃப் பார்ட்னெக்குக்கு அணு இயற்பியல் மாநாடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு அணு இயற்பியல் தெரியாது. ஐபோன் வகையறாவில் 'அணு' என்று தட்டி, அடுத்த வார்த்தையை அதுவே எடுத்துக்கொடுக்க, அப்படியே தட்டிக்கொண்டே போய் ஒரு அப்ஸ்ட்ராக்டை முடித்தார். ஐரிஸ் பேர் என்று ஒரு கற்பனைப் பேராசிரியையின் பெயரில் அனுப்பினார். சிரி என்பதைத் திருப்பிப் போட்டால் ஐரிஸ். ஆப்பிளுக்குப் பதில் பேரிக்காய். மூன்று மணி நேரத்தில் வாய்மொழி உரைக்குத் தேர்வாகிவிட்டதாகப் பதில் வந்தது. பதிவுக் கட்டணம் 1,099 டாலர்.

பம்பாய்க் கட்டுரைக்கு 47 வருஷம், பேரிக்காய்க் கட்டுரைக்கு 3 மணி நேரம். நிராகரிக்கப்பட்டது நல்லது, ஏற்கப்பட்டது மட்டம் என்று நான் சொல்லவில்லை; நிராகரிக்கப்படும் அப்ஸ்ட்ராக்டுகளில் பெரும்பாலானவை நிராகரிக்க வேண்டியவைதான். லப்பக்கும் தன் காலத்தில் எத்தனையோ நிஜப் பேத்தல்களைத் தடுத்திருப்பார். அதற்கு அவருக்கு யாரும் சிலை வைக்கவில்லை. ஆனால் அன்றும் இன்றும் தேர்வு என்பது, களைத்துப்போன இரண்டு பேர் சாப்பாட்டு நேரத்துக்கு முன் எடுக்கும் முடிவு. அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டு துக்கம் அனுஷ்டிப்பது அநாவசியம்.

அடுத்த மாநாட்டுக்கு அனுப்பப் போகிறவர்கள் தயவுசெய்து மூன்று காரியம் செய்யுங்கள். காற்றைப் பற்றி எழுதினால் தலைப்பில் காற்று என்று போடுங்கள். பெயர் எழுதிய தாளை ஒழுங்காகப் பின் அடியுங்கள். முக்கியமாக, அனுப்புவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.